தொண்ணூற்றேழு சதவீதம்

திருப்பதி,
7 ஜூலை 2024

அன்புள்ள கௌசிகா அக்காவுக்கு,

இதனால் சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டத்துப் பொதுமக்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, ஜூனியர் கல்லூரி ஹாஸ்டல் இரண்டாம் மாடிக் கண்ணாடியின் முன்னிலையில், பாகாலா பூவராகவன் மகன் குணாவின் மேலுதட்டு இடப்பக்கத்தில் ஏழு முடிகள் எண்ணப்பட்டன. வலப்பக்கத்தில் இன்னும் தேர்தல் நடக்கவில்லை. ஊர்வலம், பட்டாசு எதுவும் வேண்டாம்.

நான் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நைட் ட்யூட்டி முடித்துச் சாப்பிடாமல் படுத்துவிடுகிறாயாமே? அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில் புலம்பினாள். எனக்குக் கிடைப்பதே மூன்று நிமிஷம், அதில் இரண்டு நிமிஷம் உன் முதுகுக்குப் போனது. செல்போன் வைத்திருந்தால் இங்கே பிடுங்கிக்கொள்வார்கள். அதனால்தான் கடிதம். வார்டன் சார் பிரித்துப் பார்ப்பார், ஆனால் அவருக்குத் தமிழ் வராது. "ஏம் ராசாவுரா?", என்னடா எழுதினாய் என்று கேட்டார். நன்றாகப் படிக்கிறேன் என்று எழுதியிருப்பதாகத் தெலுங்கில் சொன்னேன். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இன்னொரு செய்தி. மெஸ் போர்டில் யாரோ, "இன்றைய சாம்பாரில் பருப்பு உண்டு, கண்டெடுப்பவர்கள் ஆபீசில் ஒப்படைக்கவும்" என்று எழுதிவிட்டார்கள். கையெழுத்தை வைத்து அந்த யாரோவைப் பிடித்துவிட்டார்கள். போன வாரம் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. அறைக்கு ஒரு ஹேண்ட்வாஷ் பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் மாடியில் பன்னிரண்டு அறை, நாற்பத்தெட்டுப் பேர். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் யார் கை கழுவினான் என்று டிக் போட வேண்டும். தண்டனையாக அந்த வேலை எனக்கு.

இப்படிக்கு,
சோப்புச் சோழன், நுரைநாட்டு வேந்தன்,
குணா


சித்தூர்,
14 ஜூலை 2024

அன்புள்ள குணா,

உன் ஏழு முடிகளுக்கும் என் ஆசீர்வாதம். முதுகு பரவாயில்லை. நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா? கண்ணாடி முன்னால் நிற்பதைக் குறை.

உனக்குத் தண்டனையாகக் கிடைத்தது எனக்குப் பதவி உயர்வாகக் கிடைத்திருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று வாங்க நவம்பரில் ஆய்வுக்கு வருகிறார்களாம். பெண்கள் அறுவை வார்டுக்கு நான் தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். ஏற்கெனவே பார்க்கிற பதினெட்டுப் படுக்கையும் அப்படியே என்னிடம்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் சானிடைசர் பாட்டில் தொங்குகிறது. ஒரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும் இரண்டு அழுத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நான் கிளிப்போர்டோடு நின்றால் தேய்க்கிறார்கள். திரும்பினால் இல்லை. என் வார்டு நர்ஸ் உதயா ஒரே கிளவுஸோடு நாலு கட்டில் பார்த்தாள். கேட்டேன். "கிளவுஸ் போட்டுக்கினுதானே கீறேன் அக்கா, அப்புறம் என்னா?" என்கிறாள். கிளவுஸ் அவள் கையைத்தான் காப்பாற்றுகிறது, நோயாளியை இல்லை. இதை எத்தனை தடவை சொல்வது?

அவளைத் திட்டவும் முடியவில்லை. பதினெட்டுக் கட்டிலுக்கு இரண்டு பேர். எட்டு மணி நேரத்தில் ஒருத்தி எத்தனை தடவை தேய்ப்பாள் என்று அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள்.

கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அக்கா


திருப்பதி,
28 ஜூலை 2024

என் இனத்தின் ஒரே மேலதிகாரியான அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் கோபம் தணிந்து நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கிளிப்போர்டைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் தப்பு. பையன்களிடம் நான் கெஞ்சவே இல்லை. ஒரு போட்டி வைத்தேன். எந்த அறையின் ஹேண்ட்வாஷ் பாட்டில் முதலில் காலியாகிறதோ, அந்த அறைக்கு ஞாயிற்றுக்கிழமை போன் வரிசையில் முதல் இடம். வரிசைக் கடைசியில் நின்றால் மதியச் சாப்பாடு போய்விடும் என்பது உனக்குத் தெரியாது. அவ்வளவுதான், பறக்கிறது நுரை. என் ரூம்மேட் பவன்குமார், குளிப்பதற்கே யோசிக்கிறவன், அவனே கழுவுகிறான்.

இரண்டு வாரத்தில் எங்கள் மாடி தொண்ணூற்றேழு சதவீதம். பிரின்சிபால் பட்டியலைப் பார்த்துவிட்டு மற்ற மாடிக்காரர்களைக் கூப்பிட்டு, "குணாவைப் பார்த்து நேர்ச்சுகோண்டி" என்றார். என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்! வேதியியலில் என்னைப் பார்த்து யாரும் கற்றுக்கொள்ளப் போவதில்லை, அது வேதனையியல். இதிலாவது கற்றுக்கொள்ளட்டும்.

உன் வார்டிலும் செய்து பார். ஆலோசனைக் கட்டணம் ஒரு பாக்கெட் முறுக்கு.

மேதகு குணா


சித்தூர்,
6 ஆகஸ்ட் 2024

குணா,

உடம்பு எப்படி? அங்கே மழை என்று கேள்விப்பட்டேன். துணி காயாமல் போட்டுக்கொள்ளாதே.

உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பிறகு மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மேட்ரனிடமும் சொன்னேன். "ஹாஸ்டல் பசங்களே செய்யறப்போ நம்ம சிஸ்டர்ங்களுக்கு என்ன?" என்றார்.

ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு பாட்டிலிலும் பிளாஸ்டர் ஒட்டிக் கோடு போட்டிருக்கிறேன். காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிஃப்ட். தன் நேரத்தில் எந்த ஷிஃப்ட் அதிகமாக இறக்குகிறதோ அதற்கு ஒரு மதிப்பெண். செப்டம்பர் கடைசியில் முதலில் நிற்கிற ஷிஃப்ட்டுக்குத் தீபாவளி அன்றைக்கு லீவு. இதை வார்டில் சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தீபாவளிக்கு வீட்டில் இருந்து இவர்களில் பாதிப் பேருக்கு மூன்று வருஷம் ஆகிறது.

முறுக்கு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


திருப்பதி,
18 ஆகஸ்ட் 2024

அக்கா,

சௌக்கியமா? நான் சௌக்கியத்துக்கும் மேலே.

முறுக்கு வந்தது. நாலு பேர் அறையில் முறுக்கின் ஆயுள் பதினோரு நிமிஷம். வரலாறு என்னைப் பற்றி என்ன எழுதும் என்று இப்போதே கவலையாக இருக்கிறது. ஒரே மூளையால் ஒரு ஹாஸ்டலும் ஓர் ஆஸ்பத்திரியும் நடக்கின்றன. பிரின்சிபால் என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். கையில் பட்டியல், பின்னால் வாஷ்பேசின். கல்லூரி நோட்டீஸில் போடப் போகிறார்களாம். மீசையையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன், கேமராவில் அவ்வளவு சக்தி இல்லையாம்.

இந்த வாரமும் தொண்ணூற்றேழு. நூறு போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் மூன்றை விட்டுவைத்திருக்கிறோம் என்று பவன்குமார் கிண்டல் செய்கிறான். அவனுக்குப் பொறாமை.

உன் வார்டில் எத்தனை பாட்டில் காலி? உடனே எழுது.

குணா


சித்தூர்,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள குணா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான்.

உன் யோசனை பலித்துவிட்டது. ஒரு பாட்டில் முன்பெல்லாம் ஒரு மாதம் கிடக்கும். இப்போது எட்டு நாளில் காலி. கிளிப்போர்டுக் கணக்கும் தொண்ணூற்று நாலு. இரண்டும் ஒத்துப்போகிறது. மேட்ரன் மீட்டிங்கில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். மாலை ஷிஃப்ட்தான் முன்னால் நிற்கிறது. உதயாவின் ஷிஃப்ட். நான் அவளைத் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று வெட்கமாக இருந்தது.

ஏழாம் கட்டிலில் கலைவாணி என்று ஒரு பெண். இருபத்திரண்டு வயது. குடல்வால் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். கையில் மருந்து ஏற்றக் குத்தியிருக்கும் கேனுலா ஊசியைச் சுற்றிச் சிவந்துவிட்டது. நேற்றிலிருந்து காய்ச்சல். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை செய்தவள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "எங்க ஃபேக்டரில மாம்பயத்தைத் தொடறதுக்கு முன்னாடி மூணு வாட்டி கை கழுவணும் மேடம். என்னைத் தொடறதுக்கு எத்தினி வாட்டி?"

"ஒரு தடவையாவது கழுவுவாங்க, இப்போ எல்லாரும் கழுவறாங்க" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்கா


திருப்பதி,
22 செப்டம்பர் 2024

அக்கா,

நலந்தானே? நான் நலம். மாடியில் இரண்டு மூன்று பேருக்கு வாந்தி, ஆனால் அது மெஸ் முட்டையின் வேலை, என் பட்டியலின் வேலை இல்லை.

தொண்ணூற்று நாலா? பரவாயில்லை, முதல் முயற்சிக்கு நல்ல மதிப்பெண். எங்களை எட்டிப் பிடிக்க இன்னும் மூன்றுதான். அந்தக் கலைவாணிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா? ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள் என்று எழுதியிருந்தாய். அது ஏனோ மனதில் நிற்கிறது.

தசரா விடுமுறைக்கு வருகிறாய் அல்லவா? பதில் போடு.

குணா


பாகாலா,
6 அக்டோபர் 2024

அக்கா,

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. கையில் அம்மாவின் போன் இருக்கிறது, நீதான் எடுக்க மாட்டேன் என்கிறாய். நைனா கூப்பிட்டபோது, "ட்யூட்டில கீறேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாயாம். நைனா போய் மோட்டார் ரிப்பேர் பார்த்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார்.

அம்மா சித்தூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் உனக்குத் துன்னுவதற்கு அதிரசம் கொடுத்துவிடுகிறாள். அந்தப் பைக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். என் மேல் கோபமா? நான் என்ன செய்தேன்? இந்த வருஷம் உன் செருப்பைக்கூட ஒளித்து வைக்கவில்லையே.

குணா


சித்தூர்,
18 அக்டோபர் 2024

அன்புள்ள குணா,

உன் மேல் கோபம் இல்லை. அதிரசம் நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல். நைனாவிடம் நான் பேசுகிறேன்.

கலைவாணியின் கை முழங்கை வரை வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. இரண்டு தடவை கிழித்து எடுத்தார்கள். ரத்தத்திலும் கலந்து ஐந்து நாள் ஐசியூ. பிழைத்துவிட்டாள். ஆனால் வலது கையின் இரண்டு விரல் மடங்கவில்லை. அடுத்த சீசனுக்கு ஃபேக்டரியில் எடுப்பார்களா என்று அவளுடைய அம்மா என்னிடம் கேட்கிறார். அவளுக்கு மட்டுமில்லை, அதே வாரம் அதே வார்டில் இன்னும் இருவருக்குக் கை சிவந்தது.

எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. பாட்டில் காலியாகிறது, எல்லாரும் தேய்க்கிறார்கள், பிறகு எப்படி? மேட்ரன் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். சிஸ்டர்களின் கணக்கு சுத்தமாக இருக்கிறது, அப்படியானால் துடைக்கிறவள்தான் காரணம் என்று ஷோபாவுக்கு மெமோ கொடுத்தார். பதினாறு வருஷமாக அந்த வார்டைத் துடைக்கிறவள். அவள் அழவில்லை. என்னைக் கையைப் பிடித்து அழுக்குத்துணி அறைக்கு இழுத்துப் போனாள்.

"மோந்து பாரு மேடம். உன் வார்டுலயே ஒய்ங்கா கை கழுவிக்கினு கீறது இந்த சிங்க்கு ஒண்ணுதான். தெனம் சாயந்திரம் ஒரு பாட்டிலு."

சிங்க்கிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்தது.

உதயாவைக் கேட்டேன். மறைக்கவில்லை. "கொயந்தையை குடிபாலாவுல மாமியார்கிட்ட உட்டுட்டு வந்து கீறேன் அக்கா. தீபாவளிக்காவது ஊட்டுல இருக்கலாம்னுதான் ஊத்தினேன். நீ பாட்டில்தானே பாத்தே, கையையா பாத்தே?" என்றாள். அவளுடைய ஷிஃப்ட் மட்டுமில்லை. மூன்று ஷிஃப்ட்டும் ஊற்றியிருக்கிறது. அவள் கொஞ்சம் அதிகம்.

பிறகு மூன்று நாள், என் ட்யூட்டி முடிந்த பிறகு, ஏழாம் கட்டிலின் திரைக்குப் பின்னால் கலைவாணியின் அம்மாவோடு உட்கார்ந்து எண்ணினேன். நோயாளிகளைத் தொட்டது நூறு தடவை. கையைச் சுத்தம் செய்தது முப்பத்தொன்று.

இருபத்தாறாம் தேதி அறிக்கை கொடுக்க வேண்டும். மேட்ரன் தொண்ணூற்று நாலைத்தான் எழுதச் சொல்கிறார். உதயா ஒருத்தி செய்த தப்புக்காகத் திட்டத்தைக் குறை சொல்லாதே, உன் தம்பி ஹாஸ்டலில் நடக்கிறதே, ஐசியூவிலும் இதையே ஆரம்பிக்கலாம் என்கிறார். நான் தொண்ணூற்று நாலு என்று கையெழுத்துப் போட்டால் ஷோபாவின் வேலை போய்விடும். முப்பத்தொன்று என்று எழுதினால், பசங்களால் முடிந்தது உன்னால் முடியவில்லையா என்று கேட்பார். குணா, உண்மையாகவே கேட்கிறேன். நாற்பத்தெட்டுப் பையன்களை நீ எப்படிக் கழுவ வைத்தாய்? எங்கே நான் தவறிவிட்டேன்? என் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குத்தான் நடத்தத் தெரியவில்லையோ?

உன் பட்டியலின் நகல் ஒன்று உடனே அனுப்பு. மேட்ரன் அறிக்கையோடு இணைக்கக் கேட்கிறார். நானும் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்.

அக்கா


திருப்பதி,
23 அக்டோபர் 2024

அக்கா,

நீ சாப்பிட்டாயா? முதலில் சாப்பிடு. பிறகு படி.

பட்டியலை இணைத்திருக்கிறேன். நகல் இல்லை, அசல். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே "இது பொய்" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். அறிக்கையோடு இணைக்கலாம் என்று ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன்.

யாரும் கழுவவில்லை, அக்கா. போட்டி வைத்தது நிஜம். முதல் நாளே ஐந்தாம் அறைக்காரர்கள் முழு பாட்டிலையும் பக்கெட்டில் கொட்டி நுரை விட்டு விளையாடினார்கள். மறுநாள் மற்ற அறைகளும். எங்கள் அறைப் பாட்டிலைக் கொட்டியது நான். போன் வரிசையில் இரண்டாம் ஞாயிறு முதலில் நின்றதும் நான்தான். அம்மாவிடம் மூன்று நிமிஷம் பேசியதில் இரண்டு நிமிஷம் என் வெற்றியைப் பற்றி. பட்டியலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிசிக்ஸ் கிளாஸில் உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து நானே டிக் போட்டேன். நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று மூன்று சதவீதத்தை விட்டேன். பவன்குமார் கிண்டல் செய்தான் என்று எழுதினேனே, அது கிண்டல் இல்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

உனக்கு எழுதும்போது சும்மா பீற்றிக்கொண்டேன். நீ அதை ஒரு வார்டில் வைப்பாய் என்று நினைக்கவில்லை. நீ வைத்த பிறகாவது சொல்லியிருக்கலாம். கைதட்டினார்கள் என்று எழுதினாய், அதன் பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தவளைப் பற்றிப் படித்தபோது சொல்ல நினைத்தேன். அன்றைக்கு நான் எழுதியது முட்டையைப் பற்றி.

நீ எங்கேயும் தவறவில்லை. உன் பெண்களுக்குத் தீபாவளி வேண்டியிருந்தது, எங்களுக்குப் போன் வேண்டியிருந்தது. காலி பாட்டில் கேட்டோம், காலி பாட்டில் கொடுத்தார்கள். உதயா அக்கா கேட்ட கேள்விதான் சரி. மேட்ரன் "பசங்களால் முடிந்ததே" என்றால் இந்தக் காகிதத்தை முன்னால் வை. பசங்களாலும் முடியவில்லை. ஐசியூவில் இதை ஆரம்பிக்க விடாதே.

பவன்குமாருக்கு மஞ்சள்காமாலை. கண் எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிட்டது. மாடியில் அவனைச் சேர்த்து ஆறு பேர். அவனுடைய அப்பா இன்று பெட்டியை எடுத்துப் போக வந்திருக்கிறார், சித்தூர் வழியாகத்தான் போகிறார். இருபத்தாறுக்குள் உன் கைக்கு வரட்டும் என்று அவரிடம் கொடுத்துவிடுகிறேன். எதற்கு அழுகிறாய் என்று கேட்டார். தூசி என்றேன்.

வார்டன் சாரிடம் தெலுங்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் போன் கிடையாது. நோட்டீஸில் போட்ட போட்டோவை அவரே கிழித்தார். மெஸ் வாசலில் குழாய் போடச் சொல்லிக் கேட்டேன். இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்தவன் திரும்ப ஏறிக் கழுவ மாட்டான், நானும் மாட்டேன். பார்க்கலாம் என்றார்.

உன் கடிதம் வந்த பிறகு, உன்னைப் போலவே மூன்று நாள் மெஸ் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினேன், டிக் இல்லாமல். நாற்பத்தெட்டில் ஒரு வேளைக்கு நாலு பேர் கழுவுகிறார்கள். உன் முப்பத்தொன்று எவ்வளவு பெரிய நம்பர் என்று எனக்குத் தெரியும், அதைத் தைரியமாக எழுது.

அந்த நாலு பேரில் நான் இல்லை, அக்கா. எண்ணி முடித்ததும் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு, மூன்று நாளும் நேராகப் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

உன் தம்பி,
குணா